அஞ்சல் பெட்டி எண் 41

அம்மையீர்,

உறையின் பின்புறத்தில் அனுப்புநர் முகவரியை எழுதாமல் விடுகிறவர்களிடம் எனக்கு எக்காலத்தும் மரியாதை இருந்ததில்லை. தவறிப்போகும் கடிதம் திரும்பி வருவதற்கு ஒரு வீடு வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் மொழியாசிரியனாக இருந்த நான், ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள் வகுப்பில் இதைத்தான் முதலில் சொல்வேன். இந்த உறையின் பின்புறத்திலும் என் முகவரி தெளிவாக இருக்கிறது. என்னைத் தேட நேர்கிறவர் எவரும் அலைய வேண்டியதில்லை.

சென்ற செவ்வாயன்று நீங்களும் என் மகளும் என் வீட்டு முன்னறையில் அமர்ந்திருந்தீர்கள். நான் வைத்த தேநீரை இருவரும் தொடவில்லை. நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?" நான் நான்கு நாள் அவகாசம் கேட்டேன். பேச்சை அடித்துத் திருத்த முடியாது என்பதால் அதில் பதில் சொல்வதை நான் விரும்புவதில்லை. என் மகள் நில அளவையர். எதையும் அளந்துதான் பேசுவாள். "எழுதுங்கப்பா. எழுதறதுதானே உங்களுக்கு நல்லா வரும்" என்றாள். அந்தக் குத்தல் எனக்குப் புரியாமல் இல்லை. ஆயினும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை நினைவூட்ட வேண்டும். உங்கள் அலுவலகத்தோடு எனக்கு இருந்த தொடர்பு என் மனைவியால் ஏற்பட்டதன்று. அவளுக்கு முன்பே நான் உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

ஓய்வு பெற்றபின் ஆறு ஆண்டுகள் உழைத்து எண்ணூற்று நாற்பது பக்கத்தில் ஒரு நாவல் எழுதினேன். பதிப்பகங்கள் புதியவர்களின் கையெழுத்துப்படிகளைப் பிரித்தும் பார்ப்பதில்லை, இலக்கிய முகவர் ஒருவர் கைப்பிடித்து அழைத்துச் சென்றால்தான் வாசல் திறக்கும் என்று அதன்பின் அறிந்தேன். எழுதத் தெரிந்தவனுக்கும் படிக்கத் தெரிந்தவனுக்கும் இடையில் ஒரு தரகர் எதற்கு என்று யாரைக் கேட்பது? பதினான்கு முகவர்களின் முகவரிகளைத் திரட்டினேன். எல்லாருக்கும் ஒரே விதி: ஒரு பக்க அறிமுகக் கடிதம், ஒரு பக்கக் கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள், பதிலுக்கு நம் முகவரியை நாமே எழுதித் தபால்தலையும் ஒட்டிய ஓர் உறை. தன்னை வேண்டாம் என்று சொல்லப்போகும் கடிதத்துக்குத் தானே முகவரி எழுதிக் கொடுக்கும் வழக்கம் வேறு எந்தத் தொழிலிலாவது உண்டா? பதினான்கு முறை என் கையெழுத்தே என் வாசலுக்கு வந்து என்னை ஏறிட்டுப் பார்த்தது. பதின்மூன்று உறைகளில், திரும்பி வந்த அத்தியாயங்களோடு அச்சிட்ட சீட்டு இருந்தது. உங்கள் உறையில் மட்டும் கையால் எழுதிய இரண்டு வரிகள்: "மொழியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இந்த நாவலில் ஒருவரும் பேசவில்லை."

இதை நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை; ஒரு தகவலாகவே தருகிறேன்.

என் மனைவி குடிநீர் வாரிய அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் தொலைபேசி எடுத்தவள். குழாயில் நீர் வரவில்லை என்றும், வந்த நீர் நாறுகிறது என்றும், பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார் என்றும் ஊர் முழுதும் அவள் காதில்தான் கத்தியது. ஒவ்வொரு புகாரையும் நீளப் பதிவேட்டில் எழுதுவாள். எண், நாள், புகார்தாரர், புகார், நிலை என்று ஐந்து கட்டங்கள். நிலை என்ற கட்டத்தில் 'நிலுவை' அல்லது 'தீர்க்கப்பட்டது' என்பதைத் தவிர வேறு சொல்லுக்கு இடமில்லை. அவள் ஓய்வு பெற்றபோது, பயன்படாமல் கிடந்த பழைய பதிவேடுகள் ஏழெட்டைக் கேட்டு வாங்கி வந்தாள். சமையலறை மேசையில் அமர்ந்து அவற்றின் பின்பக்கங்களில் எழுதத் தொடங்கினாள். என்ன எழுதுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"சும்மாதாங்க. ஃபோன்ல கேட்ட குரல் எல்லாம் காதுலயே நிக்குது. ஒவ்வொண்ணா இறக்கி வைக்கறேன்" என்றாள்.

பதினான்கு மாதத்தில் அது நாவலாகி நின்றது. புகார்த் தொலைபேசி எடுக்கும் ஒருத்தியின் கதை. முதல் அத்தியாயத்தை வாங்கிச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். பள்ளியில் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'செம்மசி'. அதில் எனக்கு வருத்தமில்லை. பன்னிரண்டு பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் மை வைக்க வேண்டியிருந்தது. அவள் நிதானமாகப் புரட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இப்ப இது நீங்க பேசற மாதிரி இருக்கு. தண்ணி வரலைன்னு ஃபோன் பண்றவ இப்படிப் பேச மாட்டா" என்றாள். பிறகு, "அந்த முகவருங்க அட்ரஸ் எல்லாம் வச்சிருக்கீங்கள்ல? அதுல ஒண்ணு குடுங்களேன்" என்றாள்.

பட்டியலை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்தாள். விரல் உங்கள் பெயரில் இருந்தது. திருத்தாத மூன்று அத்தியாயங்களை, அவள் கையாலேயே முகவரி எழுதிய உறையோடு உங்களுக்கு அனுப்பினாள்.

அவள் மகளைப் பார்க்கப் போயிருந்த வாரத்தில் மீதி அத்தியாயங்களைப் படித்தேன். ஏழாம் அத்தியாயத்தில் கதைநாயகியின் கணவர் வருகிறார். பள்ளி ஆசிரியர். மனைவி எழுதிய மளிகைப் பட்டியலைத் திருத்தி, பத்துக்கு நான்கு என்று மதிப்பெண் இட்டு, அவள் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார். நான் என் வாழ்நாளில் பத்துக்கு மதிப்பெண் இட்டதில்லை, நூற்றுக்குத்தான் இடுவேன். உண்மையை எழுதுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இப்படித்தான் தவறுகிறார்கள்.

பத்தொன்பதாம் நாள் உங்கள் பதில் வந்தது. அவள் கடைக்குப் போயிருந்தாள். உறை மெல்லியதாக இருந்தது. பதினான்கு உறைகளைக் கையில் வாங்கியவன் நான். திருப்பி அனுப்பியிருந்தால் மூன்று அத்தியாயங்களின் எடை இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பிரித்தேன். "முழுப்படியையும் உடனே அனுப்புங்கள். ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். யாரையும் மாற்ற விடாதீர்கள். இத்தனை குரல்களை ஒரே கையெழுத்தில் நான் கேட்டதில்லை" என்று எழுதியிருந்தீர்கள்.

பொறாமை என்றாள் என் மகள், செவ்வாயன்று. "அவங்களுக்குக் கிடைச்சது உங்களுக்குக் கிடைக்கல. அவ்வளவுதானேப்பா?" என்று கேட்டாள். அளவெடுத்துப் பழகியவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உடனே கிடைத்துவிடுகிறது. நான் அன்று நினைத்தது வேறு. திருத்தப்படாத ஏட்டோடு ஒரு மாணவி மேடையேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் ஆசிரியனல்லன். அந்த நூல் அப்படியே அச்சேறினால் ஊர் சிரிக்கும். ஊர் சிரிப்பது அவளைப் பார்த்து மட்டுமன்று. இத்தனை காலம் பிறர் பிள்ளைகளைத் திருத்தியவன் வீட்டிலிருந்தா இது வந்தது என்றும் கேட்கும். ஆகவே அவள் பெயரில், 'நூலை அனுப்புவதாக இல்லை, பொறுத்தருள்க' என்று உங்களுக்கு எழுதினேன். நீங்கள் மேலும் இரண்டு முறை எழுதினீர்கள்; அவற்றைக் காலையிலேயே அஞ்சலகத்துக்குப் போய் நானே வாங்கிக்கொண்டேன். விடைகளும் அவ்வாறே வந்திருக்கும். உங்கள் மூன்று கடிதங்களும் நாள்வாரியாகக் கோப்பில் இருக்கின்றன. நான் எதையும் கிழிக்கவில்லை.

அவளுக்கு ஒரு மறுப்புக் கடிதம் தட்டச்சு செய்து கொடுத்து, கதையை அங்கேயே முடித்திருக்கலாமே என்று நீங்கள் எண்ணக்கூடும். தட்டச்சு செய்தேன். சட்டைப்பையில் மூன்று நாள் வைத்திருந்தேன். தபால்காரர் வரும் பதினொரு மணிக்கு அவள் ஈரக்கையோடு வாசலில் போய் நிற்பாள். அவர் கடந்து போனதும், எதற்கோ வந்தவள்போலச் செடிக்கு நீர் ஊற்றிவிட்டு உள்ளே வருவாள். அந்தச் செடி நீர் மிகுந்தே அழுகிவிடும்போல் இருந்தது. எனக்கு இரக்கமாக இருந்தது. இரக்கத்தினால்தான் அவளுக்கு ஒரு முகவரைக் கொடுத்தேன்.

அப்போது நகரத்தின் மறுகோடியில் ஒரு சிறிய அச்சகத்தில் வாரம் மூன்று நாள் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அச்சுக்கோப்பவரிடம் உங்கள் பெயரைக் கொடுத்து, தலைப்பிட்ட கடிதத்தாள் நூறு அச்சடிக்கச் சொன்னேன்.

"என்ன சார், ரிட்டயர் ஆனப்புறம் கம்பெனியா? அதுவும் ஒரு அம்மா பேருல?" என்றார்.

வீட்டில் ஒரு சின்ன வேடிக்கைக்காக என்றேன்.

"உங்க வீட்டம்மா குடுத்து வச்சவங்க சார்" என்றார்.

அச்சகத்துக்குப் பின்தெருவில் இருந்த அஞ்சலகத்தில் ஒரு பெட்டி எடுத்தேன். எண் நாற்பத்தொன்று. விண்ணப்பப் படிவத்தில் என் உண்மையான பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதினேன். அரசுப் படிவத்தில் பொய் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. முகவரின் அலுவலகம் இடம் மாறியிருப்பதால் இனி இந்தப் பெட்டிக்கே எழுத வேண்டும் என்று முதல் கடிதத்தில் குறிப்பிட்டேன். முகவர் தம் எழுத்தாளர்களோடு தொலைபேசியில் பேசுவதில்லை, குரலைக் கேட்டால் நடுநிலை கெடும் என்றும் சேர்த்தேன்.

அந்தக் கடிதம் வந்தபோது அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்னங்க, எடுத்துக்கறாங்களாம். கொஞ்சம் திருத்தணுமாம், அவ்வளவுதான்" என்றாள். எழுந்து போய் முகம் கழுவினாள். அன்று எனக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்டுத் தேநீர் வந்தது. எனக்குச் சர்க்கரை நோய் என்பதை அவள் மறந்தது அந்த ஒருநாள்தான்.

அதன்பின் நாலரை ஆண்டுகளில் ஐம்பத்தேழு கடிதங்கள். நான் சொல்லி ஏற்காதவற்றை எல்லாம் முகவர் சொல்ல ஏற்றாள். ஒரு குரலை முகவர் வாக்கியமாக்கச் சொன்னால், இரண்டு நாள் முகம் வாடியிருப்பாள். மூன்றாம் நாள் மாற்றிவிடுவாள். புகார்ப் பதிவேடு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, முகவரின் ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரு புகாராக எழுதிக்கொண்டாள் என்பதை அவள் இறந்தபின்தான் அறிந்தேன். 'புகார்தாரர்: முகவர். புகார்: கிழவி அதிகமாகத் திட்டுகிறாள். நிலை: தீர்க்கப்பட்டது.' 'புகார்: மூன்றாம் அத்தியாயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நிலை: தீர்க்கப்பட்டது.' இவ்வாறு பக்கம் பக்கமாக.

"இந்த அம்மாவும் உங்களை மாதிரியே இருக்காங்க. உங்ககிட்டப் படிச்சவங்களா இருக்குமோ?" என்று ஒருமுறை சிரித்தாள். இருக்கலாம் என்றேன். நன்றாகப் படித்திருக்கிறாள் என்றும் சொன்னேன்.

ஏழாம் அத்தியாயத்துக் கணவர் மெல்ல மெல்லத் திருந்தினார். வாசகரின் அனுதாபம் சிதறுகிறது என்று முகவர் எழுதியதும் மளிகைப் பட்டியல் போயிற்று. திருத்தி எழுதிய நான்காம் படியில் அவர் மனைவிக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுகிறவரானார். ஆறாம் படியில் கதையின் நடுவே வந்து நின்றார். இதைத் தற்பெருமை என்று எவரும் கருத வேண்டாம். கதைக்கு ஒரு முதுகெலும்பு தேவைப்பட்டது.

படிகளோடு அவள் முகவருக்குத் தனிக் கடிதங்களும் எழுதினாள். அவற்றை நான்தான் தபாலில் சேர்க்க எடுத்துச் செல்வேன். பெட்டிக்குள் போகாமலேயே அவை பெட்டிக்கு உரியவரிடம் சேர்ந்துவிடும். ஒன்றில் எழுதியிருந்தாள்: "எங்க வீட்டுக்காரர் கெட்டவர் இல்லைம்மா. ஆனா நான் ஒரு பேச்சை ஆரம்பிச்சா அவர் முடிச்சுடுவார். முப்பத்தஞ்சு வருஷத்துல நான் எதையும் நானே பேசி முடிச்சதில்லை. உங்களுக்கு எழுதறப்பதான் கடைசி வரைக்கும் போறேன்." முகவர் தனிப்பட்ட செய்திகளுக்கு விடை எழுதுவதில்லை என்ற நெறியை நான் கடைப்பிடித்தேன்.

இப்போது நீங்கள் அறிய விரும்பும் இடத்துக்கு வந்திருக்கிறோம்.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில், கடைசி அத்தியாயம் மட்டும் எஞ்சியிருந்தபோது, அவளிடமிருந்து முகவருக்கு இந்தக் கடிதம் வந்தது. அப்படியே படியெடுக்கிறேன்.

"அம்மா, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு கேக்கறேன். இடது மார்புல ஒரு கட்டி இருக்கு. சுண்டைக்காய் அளவு. வலி இல்லை. தெருமுனை டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போய்ப் பாருங்கன்னாங்க. போனா படுக்க வச்சுடுவாங்க, மாசக்கணக்கா எழுத முடியாது. நீங்க கடைசி அத்தியாயத்தை மாசக் கடைசிக்குள்ள கேக்கறீங்க. முதல்ல ஆஸ்பத்திரியா, முதல்ல அத்தியாயமா? நீங்க எது சொன்னாலும் செய்யறேன். அவர்கிட்ட இன்னும் சொல்லலை. சொன்னா, முதல்ல நான் சொன்ன விதத்தைத் திருத்துவார்."

இரண்டு நாள் சிந்தித்தேன். அவசரப்பட்டேன் என்று எவரும் சொல்ல முடியாது. கணவன் என்ற முறையில் எனக்கு இந்தச் செய்தி தெரியாது. அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் அவளை மருத்துவமனைக்கு அழைத்தால் எப்படித் தெரிந்தது என்ற கேள்வி எழும். அதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு. அந்த விடை நான்கு ஆண்டு உழைப்பை, அவளுடைய உழைப்பையும் சேர்த்து, ஒரே நாளில் குப்பையாக்கிவிடும். முகவர் என்ற முறையிலோ, மருத்துவ ஆலோசனை சொல்வது என் வேலையன்று. முகவருக்கு நூலைப் பற்றி மட்டுமே கருத்து இருக்கலாம். எனவே முகவர் எழுதினார்:

"உடல்நலம் குறித்துக் கருத்துரைக்க எனக்குத் தகுதியில்லை. கடைசி அத்தியாயம் வந்து சேரட்டும். மற்றவை அதன்பின்."

அவள் இருபத்து மூன்று நாளில் அத்தியாயத்தை முடித்தாள். முடிவில் கதைநாயகி நோயுறுகிறாள், கணவர் கவனிக்கவில்லை. அது ஏழாம் அத்தியாயத்துப் பழைய கணவர். இத்தனை படிகளில் வளர்ந்து வந்த மனிதர் அப்படி நடந்துகொள்ள மாட்டார். பாத்திரப் படைப்பில் இது பெருங்குறை. திருப்பி அனுப்பினேன். இரண்டாம் முறை, அவர் கவனிக்கிறார், ஆனால் வேறொருவர் சொன்னபின். திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை, கடமைக்காக அழைத்துப் போகிறார், அன்பு தெரியவில்லை. அதையும் திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மாதம் ஆயிற்று. எல்லாமாக ஐந்து மாதம்.

அந்த மாதங்களில் அவள் இடக்கையை உயர்த்தாமல் துணி உலர்த்தினாள். குளியலறையிலிருந்து வர நேரமாயிற்று. நான் கவனித்தேன். ஒருநாள் காலையில், "கை வலிக்கிறதா?" என்றும் கேட்டேன். "வயசாகுதுல்லங்க" என்றாள். நான் கேட்டேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஐந்தாம் மாதக் கடைசியில் குளியலறையில் வழுக்கி என் கணுக்கால் பிசகிற்று. பத்து நாள் வெளியே போக முடியவில்லை. அத்தியாயத்தின் நான்காம் படியைத் தானே கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொன்னாள். தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டாலே போதும் என்றேன். "நாலரை வருஷமா நீங்களே சுமந்தீங்க. ஒரு தடவை நான் போறேன்" என்று இரண்டு பேருந்து மாறி, பின்தெரு அஞ்சலகத்துக்கே போயிருக்கிறாள். நடந்ததை அங்கிருந்த எழுத்தர் பின்னர் என்னிடம் சொன்னார்.

"அம்மா வந்திருந்தாங்க சார். கவரைத் திருப்பிப் பாத்தேன், பின்னாடி உங்க அட்ரஸ். 'இது உங்க வீட்டுக்காரர் பெட்டிதானேம்மா, வீட்டுலயே கையில குடுத்துடலாமே'ன்னேன். தண்ணி இருக்கான்னு கேட்டாங்க, குடுத்தேன். குடிச்சுட்டு உள்ள உக்காந்து ஏதோ எழுதி, கவரைப் பிரிச்சு அதையும் உள்ள வச்சு ஒட்டினாங்க. 'இருக்கட்டும் தம்பி, பெட்டியிலயே போட்டுடுங்க. அவருக்குத் தபால்ல வந்தாத்தான் படிக்கப் பிடிக்கும்'னாங்க."

அனுப்புநர் முகவரியை முழுமையாக எழுத வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

அவள் வீட்டுக்கு வந்து சமைத்தாள். என் கணுக்காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள். மாலையில் மகளைத் தொலைபேசியில் அழைத்து, "வரியா? ஒரு இடத்துக்குப் போகணும்" என்றாள். மறுநாள் காலை மகள் வந்து அழைத்துச் சென்றாள். ஐந்து மாதம் முன்னே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாக மகள் என்னிடம் தெரிவித்தாள். அவள் சொன்ன வாக்கியத்தில் ஐயத்துக்கு இடம் இருக்கவில்லை. என் மனைவி அதன்பின் ஆறு வாரம் உயிரோடு இருந்தாள்.

கால் சரியானதும் பெட்டியைத் திறந்தேன். அத்தியாயம் குறையில்லாமல் வந்திருந்தது. நின்றபடியே படித்து முடித்தேன். அச்சகத்துக்குப் போய், "மிகச் சிறப்பு. ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று ஐம்பத்தேழாம் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். மருத்துவமனையில் அவள் படுக்கையருகே அமர்ந்து அதை நானே படித்துக் காட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் படிக்கறீங்க" என்றாள். பிறகு, "அப்ப நிலுவை ஒண்ணும் இல்லைல்ல?" என்றாள்.

இல்லை என்றேன். சரி என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதன்பின் மகளோடு மட்டும்தான் பேசினாள்.

அவள் போனபின் மகள் அலமாரியை ஒழித்தபோது அந்தப் பதிவேடும், அதில் வரிசையாக ஒட்டியிருந்த ஐம்பத்தாறு கடிதங்களும் கிடைத்தன. முகவரிடம் சாவைத் தெரிவிக்க வேண்டும் என்று மகள் எண்ணினாள். பெட்டி எண்ணுக்கு எழுதாமல், விசாரித்து உங்கள் அலுவலகத்துக்கே தொலைபேசி செய்தாள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

செவ்வாயன்று மேசைமேல் விரித்து வைத்தீர்களே, அந்தப் பதிவேட்டை நானும் பார்த்தேன். புகார்தாரர் கட்டத்தில் 'முகவர்' என்று எழுதியிருந்த இடங்களில் எல்லாம், முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை, அளவுகோல் வைத்து நீல மையால் ஒரு கோடு இழுக்கப்பட்டு, மேலே 'வீட்டுக்காரர்' என்று எழுதப்பட்டிருந்தது. ஓரிடமும் விடுபடவில்லை. ஒரே இரவில், மருத்துவமனைக்குப் புறப்படும் முன், அவள் செய்திருக்க வேண்டும். கடைசிப் பதிவில் மட்டும் புகார்தாரர் அவளே. 'புகார்: கட்டி. நிலை: நிலுவை.' ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: அத்தனை சீரான திருத்தத்தை நான் எந்த மாணவரிடமும் கண்டதில்லை. காய்ச்சலின் கலக்கத்தில் செய்திருப்பாள் என்று மகளிடம் சொன்னேன். அதற்குத்தான் அவள் எழுந்து வாசலுக்குப் போனாள்.

உங்கள் கேள்விக்கான விடையை இனிச் சுருக்கியும் சொல்லிவிடலாம். உங்கள் கடிதத்தை மறைத்தவன் நான். உங்கள் பெயரில் எழுதியவன் நான். என் மனைவியின் மார்பில் கட்டி இருப்பதை அவளுக்கும் தெருமுனை மருத்துவருக்கும் அடுத்தபடியாக அறிந்தவன் நான். அறிந்தபின் ஐந்து மாதம் அவளை மேசையைவிட்டு எழவிடாமல் வைத்திருந்தவனும் நானே. இதைக் காவல்நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்கிறாள் மகள். கொடுக்கட்டும். கையொப்பமும் நாளும் கீழே இட்டிருக்கிறேன். படி ஒன்று என்னிடமும் உள்ளது.

ஆனால் ஒருவர் செய்த தவற்றுக்காக ஒரு நூலைத் தண்டிப்பது முறையாகாது. ஆகவே உங்கள் விதிப்படி அனைத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன்: இந்தக் கடிதம் அறிமுகக் கடிதமாகட்டும், கதைச்சுருக்கம் ஒரு பக்கம், மூன்று அத்தியாயம் மட்டுமன்றி ஒன்பதாம் படி முழுதும், பதிலுக்கு, என் கையால் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை. முதல் படிதான் வேண்டும் என்று செவ்வாயன்று கேட்டீர்கள். அது என்னிடம் இருக்கிறது. அதில் இன்னும் பிழைகள் உள்ளன; அதைத் தர இயலாது.

கடைசி அத்தியாயத்தோடு அவள் அஞ்சலகத்தில் உட்கார்ந்து எழுதி வைத்த சீட்டையும் அனுப்புகிறேன். அதில் விளிப்பு இல்லை, யாருக்கு என்பதும் இல்லை. இவ்வளவுதான் இருக்கிறது: "நீங்க கேட்டபடியே எழுதிட்டேன். அவ சொல்றதுக்கு முன்னாடியே அந்த மனுஷன் பாத்துடறார். கையைப் புடிச்சு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறார். அவ பிழைச்சுக்கறா. படிக்கறவங்க இதை நம்புவாங்களான்னுதான் தெரியலை."

நான் பலமுறை படித்துவிட்டேன், அம்மையீர். நம்பும்படியாகத்தான் இருக்கிறது.